பச்சைத் தண்ணீர்

கத்தரினா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அசுசேனாவுக்கு,

உன் ஏவெனோர் எழுதுவது. நானும் நம் மகள் மாரிசெலாவும் நலம். சான் ஹோசேயில் உன் வேலையும் முதலாளியம்மாவின் முன்கோபமும் எப்படி இருக்கின்றன? போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அழு.

மழை நன்றாகப் பெய்ததால் நம் செடிக்கடை நாற்றுகள் பிழைத்துக்கொண்டன. மாரிசெலாவுக்குச் சனிக்கிழமைதோறும் மூட்டுவாத ஊசி போட்டால் அன்று முழுக்கக் குமட்டல்தான். மறுநாள் சோறும் பீன்ஸும் இரண்டாம் தட்டு கேட்கிறாள். காலையில் முட்டியும் மணிக்கட்டும் இன்னும் இறுகித்தான் கிடக்கின்றன. காலணி நாடாவை நான்தான் கட்டிவிடுகிறேன். கோணலாகக் கட்டுகிறேனாம், திட்டுகிறாள்.

இப்போது கோபப்படாமல் கேள். அவளை ஏரியில் இறக்கிவிட்டேன்.

அவளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது என்று நீ வாங்கிய சத்தியம் மறக்கவில்லை. அன்று உன்னோடு சேர்ந்து துணிக்கு இஸ்திரி போட்ட மாரிசெலா, சூடு ஆறாத கையைத் தொட்டித் தண்ணீரில் விட்டாள். அதற்குப் பிறகுதான் விரல்கள் வீங்கின. அன்றிலிருந்து அவளுக்குப் பச்சைத் தண்ணீரே ஆகாது என்றாய். ஊரே அதைத்தான் சொன்னது. ஆனால் மனாகுவா ஆஸ்பத்திரி டாக்டரம்மா, தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் மூட்டு இளகும் என்கிறார். கூட வந்த உன் அக்கா எர்மெலிந்தா எழுந்தே நின்றுவிட்டாள். "மூட்டுவாதம் புடிச்ச புள்ளைய தண்ணியில போடச் சொல்றீங்களே, நீங்க படிச்சவங்கதானா?" என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

அப்போயோ ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது உனக்கே தெரியும். போன ஞாயிறு போனோம். அக்கா கம்பளியும் தைலமும் ஜெபமாலையுமாகக் கரையில் உட்கார்ந்துகொண்டு, "ஏவெனோரு, புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒன்னய இந்த ஏரியிலயே முக்கிடுவேன்" என்றாள். எனக்கும் பயம்தான். இடுப்பளவு தண்ணீரில் மாரிசெலா என் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். காலை மடக்கி உதைத்தாள், அசுசேனா! படியேறும்போது அழவைக்கிற அதே கால். "பெரியம்மா, நீயும் வா, ஒனக்குந்தான் முட்டி வலி!" என்று கத்திக்கொண்டே தண்ணீரை வாரி இறைத்தாள். அக்கா திட்டிக்கொண்டே அழுதாள். நானும்தான்.

மறுநாள் காய்ச்சல் எதுவும் வரவில்லை. நோய் போய்விடவில்லை, இன்னும் பல வருஷம் மருந்து வேண்டும். ஆனால் நன்றாக ஓடியாடி வளர்வாள் என்று டாக்டரம்மா நம்பிக்கையாகச் சொல்கிறார்.

இனி நான் எழுத வந்த விஷயம். அந்தத் தொட்டித் தண்ணீரால்தான் வந்ததா என்று அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பே ஆள் தெரியாமல் மூட்டுகளைத் தாக்குகிறதாம். யார் செய்த தவறும் இல்லையாம். உனக்காக இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில்தான்.

மருந்துச் செலவுக்காகத்தான் நீ வெளிநாடு போனாய் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்குத் தெரியும். அவளும் பார்த்திருக்கிறாள். "அம்மாவுக்கு எம்மேல கோவமாப்பா?" என்று நேற்றுக் கேட்டாள். நான் சொன்ன பதிலை அவள் நம்பவில்லை. நீ சொன்னால்தான் நம்புவாள்.

டிசம்பரில் மாதா திருவிழாவுக்கு வந்துவிடு. அந்தத் தாய் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் முதலில் மகளின் கையைப் பிடி. வலிக்குமோ என்று பயப்படாதே. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளே சொல்லித் தருவாள்.

உன்,
ஏவெனோர்