நான்காம் தாள்

கடவுள் துணை
மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு யாவரும் நலம். நீயும் அண்ணியும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டேன். கோபத்தோடு வேண்டினால் பலிக்குமா என்று தெரியவில்லை.

உன் கட்டுரை வந்த பத்திரிகையை என் மகள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தாள். கடலடியில் இருக்கும் காந்தப் பட்டைகளை அளந்து, ஆறு கோடி வருடத்தில் அங்கே நகரும் நிலத்தட்டின் வேகம் எப்படி மாறியது என்று எழுதியிருக்கிறாய். பட்டையின் அகலத்தை அது உண்டாக எடுத்த காலத்தால் வகுத்தால் வேகம். நூற்றுப் பதினான்கு பட்டைகள். ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை அளந்தது யார்? சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தின் ஆறு நகல் தாள்களையும் விரித்து, குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது யாருக்கு?

கடைசி வரியில் "அளவெடுப்பில் வீட்டார் உதவினர்" என்று போட்டிருக்கிறாய். வீட்டாரா! உங்கள் வீட்டுப் பூனையையும் சேர்த்தா?

இன்னொன்று. நான்காம் தாளைப் பற்றி நீ எழுதியிருப்பது தப்பு.

தங்கை

மார்ச் 12

என் அருமை அளவுகோலுக்கு,

பூனை விஷயத்தைப் படித்து அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். கோபத்தை விடு. கல்லூரிப் படிப்பில்லாதவர் பெயரைப் போட்டால் கட்டுரையை யார் மதிப்பார்கள்?

நான்காம் தாளில்தான் என் கண்டுபிடிப்பே இருக்கிறது. மூன்று கோடி வருடத்துக்கு முன் தட்டு தயங்கியது, பிறகு பழைய வேகத்தைப் பிடித்தது. அதற்காக அடுத்த மாதம் எனக்குப் பாராட்டு விழா. பத்திரிகை ஆசிரியர் மூல அளவுகளைக் கேட்கிறார். உன்னிடம் வேறு நோட்டு இருந்தால் எனக்கு அனுப்பிவை.

அண்ணன்

கடவுள் துணை
மார்ச் 16

அண்ணா,

தட்டு தயங்கவே இல்லை. நான்காம் தாள் பெரிது. நகல் கடைக்காரரின் இயந்திரத்தில் அடங்காததால் பத்தில் ஒரு பங்கு சுருக்கி எடுத்துவிட்டார். தாளின் அடியில் இருக்கும் அளவுக்கோடு மற்ற ஐந்திலும் பத்து சென்டிமீட்டர், இதில் மட்டும் ஒன்பது. பட்டைகளும் அதே மாதிரி ஒடுங்கிவிட்டன.

அதையெல்லாம் திருத்தி இரண்டாம் நோட்டில் எழுதினேன். முடித்த வேலையை ஒரு நாள் சாமி விளக்கடியில் வைத்துவிட்டுத்தான் கொடுப்பேன், உனக்குத் தெரியும். நீ வந்தபோது நான் கண்ணை மூடிப் பிரார்த்தனையில் இருந்தேன். பாதியில் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தும், பத்து நிமிடம் பொறுக்காமல், அலமாரியிலிருந்த முதல் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பிறகு போனில் சொன்னேன். "அடுப்படியில நின்னுக்கிட்டு எனக்கே கடலைப் பத்திச் சொல்றியா?" என்றாய். உன் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றரை வருடமாகியும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது.

படிப்பில்லாதவள்தான். நீ எறியச் சொன்ன உன் பாடப் புத்தகங்களை எறியாமல் படித்தவள். உண்மையான மாற்றம் ஆறாம் தாளில் இருக்கிறது. வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போன தட்டு, கடைசி ஒரு கோடி வருடத்தில் நாலேகாலுக்கு மெல்ல மெல்ல இறங்குகிறது. நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆசிரியருக்கு நீயே உண்மையை எழுது. பதினைந்து நாள் தருகிறேன்.

தங்கை

மார்ச் 24

தங்கச்சி,

கெஞ்சிக் கேட்கிறேன். விழா முடியட்டும். அடுத்த கட்டுரையில் உன் பெயரையும் போடுகிறேன். அதுவரை அந்த நோட்டை யாருக்கும் காட்டாதே. இவ்வளவு பக்தி உள்ளவள், கூடப்பிறந்தவனைத் தலைகுனிய வைப்பாயா?

அண்ணன்

கடவுள் துணை
ஏப்ரல் 2

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று நோட்டை மறுபடி விளக்கடியில் வைத்தேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வழி காட்டச் சொல்லி அழுதேன். ஒன்பதைப் பத்து என்று சொல்ல வாய் வரவில்லை.

பதினைந்து நாளும் முடிந்துவிட்டது. இன்று காலை இரண்டாம் நோட்டையும் நான்காம் தாளையும் ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தபால் நிலையத்தில் இருந்த பெண், "அனுப்புறது யாரும்மா? வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க" என்றாள். படிவத்தை வாங்கி நானே நிரப்பினேன்.

இனிமேல் என்னை அளவுகோல் என்று எழுதாதே. எனக்குப் பெயர் இருக்கிறது. அது வாய்க்கு வரும்வரை கடிதமே எழுத வேண்டாம்.

உன் கூடப்பிறந்தவள்