ஏழாவது படத்துச் சீற்

இஞ்சருங்கோ,

சுவிஸ் மலைகளில் கோடை நாள் முழுக்கச் சைக்கிள் ஓடிய படங்கள் கிடைத்தன. மலை நல்ல வடிவு. ஏழாவது படத்தில் நீங்கள் முழந்தாளிட்டு, கூட வேலை செய்கிறவளுக்குச் சைக்கிள் சீற்றை இறக்கிக் கொடுக்கிறீர்கள். அவள் உங்கள் தோளில் கை ஊன்றி நிற்கிறாள்.

கலியாணம் முடித்த கிழமை உங்கள் சைக்கிளை நானும் ஓடக் கேட்டேன். "சீற்றை இறக்கினால் பிறகு எனக்கு ஓட ஏலாது, நீர் நடந்து போம்" என்றீர்கள். நீங்கள் வெளிநாடு போன பிறகும் ஆறு வருசம் நாரந்தனைச் சந்திக்கு நடந்துதான் போனேன்.

இன்று நீங்கள் விட்டுப்போன அந்தச் சைக்கிளின் சீற்றை நானே இறக்கி, மண்கும்பான் கடற்கரைவரை ஓடினேன். மலையில்லாத ஊரிலும் மூச்சு வாங்கியது. நட்டை நன்றாக இறுக்கிவிட்டேன்.

நீங்கள் வந்து ஓடினால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும்.

உங்கள் மனிசி