மேசையில் சொன்னது

என் செல்ல அப்பாவுக்கு,

எனக்கு ஒரு தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். கீழே மாமா இன்னும் விழித்திருக்கிறார். செல்போன் டார்ச்சைத் தாவணித் துணியால் மூடிவைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் வீட்டுச் சேதி. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. திண்டிவனத்து ஜெராக்ஸ் கடையைக் காலிசெய்து கொடுத்துவிட்டோம். இப்போது அங்கே ஒருவர் செல்போன் கவர் விற்கிறார். நாங்கள் விழுப்புரத்தில் மாமா வீட்டு மாடி அறையில் இருக்கிறோம். அம்மா ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். நாளெல்லாம் நிற்கவேண்டும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பாராம். வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். நான் பதினொன்றாம் வகுப்பு. நீ கம்ப்யூட்டர் பிரிவு எடுக்கச் சொன்னாய், இடம் இல்லை என்று உயிரியல் கொடுத்துவிட்டார்கள். முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாலே அசதியாக இருக்கிறது.

விளையாட்டை மட்டும் நான் விடவில்லை.

அந்த விளையாட்டுப் புத்தகம் நம்மிடம் வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யாரோ ஒரு காலேஜ் பையன் முந்நூறு பக்க இங்கிலீஷ் புத்தகத்தை ஜெராக்ஸ் போடக் கொடுத்தான். பூதம், மந்திரவாதி, கோட்டை, வாள் என்று படமாக இருந்தது. அவன் திரும்ப வரவே இல்லை. ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு நாமே அதைப் படிக்க ஆரம்பித்தோம். ஒருவர் கதையை நடத்தவேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் பேசவேண்டும், வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவு புரிவதற்கே நமக்கு ஒரு மாதம் ஆனது. இருபது முகப் பகடை எங்கேயும் கிடைக்கவில்லை. எண் போட்ட தம்போலா காய்களில் ஒன்றிலிருந்து இருபது வரை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக் குலுக்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடை மேசையில் நீ, நான், பக்கத்து டைப்பிங் சென்டர் அக்கா. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாக வரும் என்பதால் கதை நடத்துவதும் விதி சொல்வதும் நான். நீ எனக்கு வைத்த பெயர் அம்பயர். உன் பாத்திரம் ஒரு திருடன்.

கோர்ட்டுக்கு எதிரில் கடை வைத்ததால் உனக்கு வக்கீல் நாக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் பாதி விதிகள் அரையும்குறையுமாகத்தான் எழுதியிருக்கும். அந்த இடைவெளிகளில்தான் உன் திருடன் குடியிருந்தான்.

“அம்பயரு, மந்திரத்துல இன்னா எழுதியிருக்குது? கதவத் தொறக்கும்னுதான?”

“இது கதவு இல்லப்பா. கோட்டை வாசல் கம்பி. மேலேருந்து இறங்கும்.”

“நம்ம ஷட்டரு எங்கேருந்து எறங்குது? கீழேருந்தா? காலையில உங்கம்மா இன்னா சொல்றா? கடக் கதவத் தொறந்துட்டு டீ குடின்னுதான சொல்றா? அப்ப அது கதவுதான்.”

“இவரு வாய்தா வாங்காம ஒரு கதவும் தொறக்கமாட்டாரு,” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் உன் பக்கம்தான் தீர்ப்பு சொன்னேன். அம்மா சொல்கிற வார்த்தைக்கு மேல் எனக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு விதி புத்தகத்தில் இல்லாதது. அதை நீயே போட்டாய். ஒரு நாள் உன் திருடன் சாராயக்கடையில் உட்கார்ந்து, “எல்லாத்தையும் போட்டுட்டு ஒரு கப்பல் ஏறிப் போயிட்டா என்ன யாரு தேடப்போறா?” என்றான். டீ கொண்டுவந்த அம்மா ஷட்டருக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள். “நான் சொல்லலடி, திருடன் சொன்னான்” என்று நீ கெஞ்சினாய். “திருடனுக்கு வாயி யாரு குடுத்தது?” என்று கேட்டவள் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி என்னிடம் கொடுத்தாய். “மேசையில் ஒருவர் பாத்திரமாகப் பேசியதை, மேசையை விட்டு எழுந்தபின் யாரும் அவரிடம் கேட்கக்கூடாது.”

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது.

இங்கே எனக்கு இரண்டு தோழிகள். ஜெனி, கௌசி. ஞாயிறு மதியம் அம்மா வேலையில் இருக்கும் நேரத்தில் மாடிக்கு வருவார்கள். மேசை கிடையாது, தரையில் பாய். ஆனாலும் அதை நாங்கள் மேசை என்றுதான் சொல்கிறோம். நீ போட்ட விதியை முதல் நாளே அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஜெனி போர்வீராங்கனை. எதைக் கண்டாலும் முதலில் வெட்டிவிட்டு அப்புறம்தான் அது யார் என்று கேட்பாள். கௌசி மந்திரக்காரி. கோலியனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள். அவள் அப்பா லோடுமேன். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடச் சத்தமாகப் பதில் சொல்லமாட்டாள். பாயில் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குக் குரல் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை கதையில் ஒரு சூனியக் கிணறு வந்தது. தன் பெரிய பயத்தை வாய்விட்டுச் சொல்கிறவர்களை மட்டும் அது தாண்டவிடும். ஜெனியின் வீராங்கனை பல்லிக்குப் பயம் என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்தது கௌசி.

“வெள்ளிக்கெழம விடியறதுக்கு முன்ன என்னத் தளபதிக்குக் குடுத்துடப் போறாங்க. மேளம் கெடையாது. எங்கக்கா ஓடிப்போனதுலேருந்து எங்கப்பாவுக்குப் பயம். எனக்கு மந்திரம் பாதிதான் தெரியும். மீதிய யாரு கத்துத் தருவாங்க?”

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. “செமடி! நீ சீரியலுக்குப் போயிடு,” என்று ஜெனி கை தட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா அப்பா? “சூப்பர் நடிப்பு. மந்திரக்காரிக்கு அம்பது புள்ளி” என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தன் தாளில் ஐம்பது என்று எழுதிக்கொண்டாள்.

மாமாவுக்குப் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில் என்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “கோலியனூரா? வெள்ளிக்கெழம விடியக்காத்தாலயா? மேளங்கீளம் இல்லியா... சரி சரி, புரியுது. அறுவது பேருக்கு அண்டா போதுமில்ல?” போனை வைத்துவிட்டு அத்தையிடம், “நம்ம லோடுமேன்தான். ரெண்டாவது பொண்ண மச்சான்காரனுக்கே கட்டிவெக்கிறான். மேகலா கூடப் படிக்குதே, அது,” என்றார். பிறகுதான் நான் மாடிப்படியில் நிற்பதைப் பார்த்தார்.

“இன்னா புள்ள, நின்னுக்கினு கேக்கறியா?”

“இல்ல மாமா.”

“கேட்டாலும் கேக்கல. வெளிய போயி சொல்லிக்கினு திரிஞ்சன்னா என் பொழப்புல மண்ணு விழும். ஒனக்கும் ஒங்கம்மாவுக்கும் சேத்துதான் சொல்றேன்.”

மாமா கெட்டவர் இல்லை அப்பா. உன் காரியத்துக்கு எல்லாம் முன்னால் நின்று செய்தவர் அவர்தான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் புரிந்தது. இந்த அறையை விட்டால் அம்மாவும் நானும் எங்கே போவோம்?

இன்று செவ்வாய். இடைவேளையில் குடிதண்ணீர்க் குழாய் பக்கம் கௌசியைப் பிடித்தேன். ஜெனியும் இருந்தாள். வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

“அது நான் சொன்னதில்ல, மந்திரக்காரி சொன்னது,” என்றாள் கௌசி.

“எங்க மாமாதான்டி பந்தல் போடறாரு.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “மேகலா, மேசையில சொன்னத எழுந்த பின்னால கேக்கக் கூடாது. உங்கப்பா போட்ட ரூலு. உங்கப்பா ரூலயே நீ மீறுவியா?”

“கேக்கத்தான் கூடாது,” என்று ஜெனி குறுக்கே விழுந்தாள். “மத்தவங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது? நாம எச்.எம். கிட்ட போயி சொல்லலாம். ரூலு உடையாது.”

அச்சு அசலாக நீ பேசுவது போலவே இருந்தது. உன் திருடன் அங்கே இருந்திருந்தால் ஜெனிக்குக் கை கொடுத்திருப்பான்.

கௌசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொன்னா எங்கம்மாவுக்குத்தான் அடி விழும். என்னக் கட்டிக்கப்போற எங்க மாமா ஒண்ணும் மோசமானவரு இல்ல. படிக்கவெக்கிறேன்னு சொல்லியிருக்காரு. விட்டுடு மேகலா, எனக்கு அழுது அழுது முடியல.” மணி அடித்தது. அவள் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள். அவளுக்குப் பதினாறு வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அப்போதிலிருந்து இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை தரம் படித்தாலும் விதி கௌசி பக்கம்தான் நிற்கிறது. ஜெனி காட்டுகிற ஓட்டை வழியாக நுழைந்துபோய்விடலாம். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்றால், இந்த விதியின் மேல் எனக்கு வேறொரு கோபம் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

போன வைகாசியில் ஒரு ஞாயிறு. கோபுரப் படிகளில் உன் திருடன் ஏறிக்கொண்டிருந்தான். பாதியில் நீ நிறுத்தினாய். “அம்பயரு, திருடனால முடியல. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. நெஞ்சுல யாரோ கால வெச்சு மிதிக்கிறாப்பல இருக்குது.” நான் புத்தகத்தைப் புரட்டி, களைப்பு அட்டவணையைப் பார்த்து, உன் பலத்தில் இரண்டு புள்ளி குறைத்தேன். ஒன்றுதான் குறைக்கவேண்டும் என்று நீ சண்டை போட்டாய். அட்டவணையில் படிக்கட்டு என்றே இல்லை, மலை என்றுதான் இருக்கிறது என்றாய். கால் மணி நேரம் அதையே பேசினோம்.

வீட்டுக்குப் போகும்போது நீ நம் வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பின்னாலிருந்து பார்த்தேன். கேட்கலாமா என்று நினைத்தேன் அப்பா. சத்தியமாக நினைத்தேன். மேசையில் சொன்னதைக் கேட்கக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ பத்தொன்பது நாள்தான் இருந்தாய்.

நான் கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாயா? திருடன் சொன்னதுதானே என்று சிரித்து மழுப்பியிருப்பாயா? வேறு எங்கேயும் சொல்லமுடியாமல்தான் அங்கே சொன்னாயா? எழுந்த பின்னாலும் நான் கேட்பேன் என்று காத்திருந்தாயா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தாயே, அது எதற்கு?

உன்மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிட அதிகம். இரண்டையும் சுமந்து சுமந்து அலுத்துப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கௌசி என்னைப் பார்த்த பார்வையும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. குழாயடியில் அவள் சொன்னதெல்லாம் பயம் சொல்லவைத்தது. கிணற்றடியில் சொன்னதுதான் அவள். யாரும் திட்டமாட்டார்கள், யாரும் அடிக்கமாட்டார்கள் என்ற ஒரே இடத்தில் அவள் அதைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா உன்னைத் திட்டக்கூடாது என்றுதானே நீ இந்த விதியைப் போட்டாய்? பேசுகிறவருக்கு அடி படக்கூடாது என்று போட்டது அது. கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வதற்குப் போட்டதில்லை. அப்படி நீ நினைத்துப் போடவில்லை என்றாலும் இனிமேல் அப்படித்தான். இப்போது அம்பயர் நான்.

தீர்ப்பை உன் எழுத்துக்குக் கீழேயே எழுதிவிட்டேன். “மேசையில் சொன்னதற்காக யாரையும் திட்டக்கூடாது. ஆனால் கேட்கவேண்டும். கேட்டு, கூட நிற்கவேண்டும்.” இதில் ஓட்டை இருந்தால் உன் திருடனை அனுப்பி வாதாடச் சொல்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அப்பா. கௌசி இனிமேல் என் முகத்தில் முழிக்காமல் போகலாம். அவள் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதையும் எச்.எம்.மிடம் முதலிலேயே சொல்லவேண்டும். மாமாவுக்குத் தெரிந்தால் அம்மா மறுபடியும் மூட்டை கட்டவேண்டியிருக்கும். கால் வீங்கிப்போய்ப் படுத்திருக்கிறாளே, அவளை எழுப்பி இதை எப்படிச் சொல்வேன்? ஆனாலும் விடிந்ததும் முதலில் அவளிடம்தான் சொல்லப்போகிறேன். அவளிடமும் நாம் நிறைய மறைத்துவிட்டோம்.

அப்புறம் பஸ் நிறுத்தத்துக்குப் போவேன். கோலியனூர் பஸ் எட்டேகாலுக்கு வரும். கௌசி இறங்கியதும், யாரிடம் போகிறேன், என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்யமாட்டேன். வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் போவோம். வராவிட்டால், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் மட்டும் எச்.எம். அறைக்குள் போவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னிடம் கேட்காமல் விட்ட,
உன் பெண்
மேகலா