நீல எழுத்தில் உன் பெயர்

உன் சிலுவை என் மேசையில் சாய்ந்து நிற்கிறது. வெள்ளை காய்ந்துவிட்டது. பெயர்ப் பலகையில் பூசிய நீலம் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. அறை முழுக்க ஆளிவிதை எண்ணெய் வாசம். நாம் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோ வாசலில் உன் தலை தெரிவதற்கு முன்பே இந்த வாசம் உள்ளே வந்துவிடும். இப்போது உன் பெயரோடு வந்து என் அறையில் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் பிலோமினா வந்தாள். வத்தேகமவில் இந்த மலேரியா ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை என்றாள். உன்னை அடக்கம் பண்ணிய கதையைச் சொல்லி அழுதாள். உன் பெண்டாட்டி முன்னால் நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அவரு பேர நீங்கதான் எழுதணும். வேற யாரு எழுதுனாலும் அவருக்குப் புடிக்காது. எழுத்துல குத்தம் கண்டுபுடிக்கிற மனுசன்."

"சரிம்மா, எழுதித் தாறேன்."

"மாதா நீலத்துல எழுதுங்க. அந்த நீலம்னா அவருக்கு உசிரு. குழியில நட்ட பெறகு ஒரு போட்டோவும் புடிச்சுக் குடுங்கண்ணே. தூத்துக்குடில அவரு தம்பிக்கு அனுப்பணும்."

வெள்ளைச் சிலுவையில் வெளிர்நீல எழுத்து, அதற்கு ஒரு போட்டோ. அவள் படியிறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள உனக்கு ஆன செலவு கொஞ்சமல்ல.

கண்டியில் நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் நமக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. நீ எழுத்துக்காரன். கடைப் பலகைகளுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக எழுதுவாய். ஸ்டூடியோவில் படம் ஒட்டும் அட்டைகளுக்குப் பெயர் எழுதுவாய். நான் படம் எடுக்க வருபவர்களுக்குப் பின்னால் தொங்கும் திரைக்குச் சித்திரம் போடுகிறவன். மதியத்தில் வேலையில்லாதபோது நீ எனக்கு எழுத்துப் பழக்கிவிட்டாய். தூரிகையை எங்கே அழுத்துவது, எங்கே தூக்குவது, 'ந'வுக்கு வால் எவ்வளவு இறங்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

நம் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கமெராவுக்குள்ள போடுற இந்தக் கண்ணாடித் தட்டுக்குச் சிவப்புத் தெரியாது, கறுப்பாக்கிப் போடும். நீலத்தைக் கண்டா வெள்ளை எண்டு நினைக்கும். உம்மட கண்ணுக்குக் கீறாதையும், தட்டின்ர கண்ணுக்குக் கீறும்." அன்று முதல் நான் கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் காவி, இவற்றைக் குழைத்துச் சாம்பல் நிறத்தில்தான் வரைந்தேன். நேரில் பார்த்தால் அடுப்பு துடைத்த துணி மாதிரி இருக்கும். போட்டோவில்தான் அதற்கு உயிர் வரும். நீ ஒவ்வொரு முறையும் கேலி பண்ணுவாய்.

"ஏன்டா அந்தோனி, எழவு வீட்டுக்கா படம் போடுற? ஒரு சொட்டு கலரு வச்சாத்தான் என்ன?"

ஏன் சாம்பல் என்று ஒரு நாளாவது கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்தக் குளத்துத் திரையை நினைத்துப்பார். விடியற்காலையில் குளக்கரை மதிலில் உட்கார்ந்து, பனி எப்போது தண்ணீரை விட்டு எழும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தது. அதுவரை நான் வரைந்ததெல்லாம் சீமைப் படங்களிலிருந்து எடுத்த மாடிப்படியும் தூணும். முதன்முறையாக நான் என் கண்ணால் பார்த்ததை வரைந்தேன். சித்திரக்காரன் என்று எனக்குள்ளே ஒருவன் இருக்கிறான் என்பதை அந்தத் திரைதான் எனக்குச் சொன்னது. வேலை முடிந்து, மூலையில் பெயர் மட்டும் எழுத வேண்டியிருந்தபோது நெருப்புக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நீ வந்தாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேர நீயே எழுதிருடா, ஒன் கையெழுத்துதான் அழகு" என்றேன்.

தலைமயிர் உதிர்ந்து, தடியூன்றித் திரும்பி வந்தேன். திரை தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் உன் பெயர் இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே கடதானடா. யார் பேரு இருந்தா என்ன?" என்றாய், சிரித்துக்கொண்டே.

முதலாளியிடம் சொன்னேன். திரையில் எழுத்து காய்ந்துவிட்டது, அழித்தால் துணி கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கண்டியில் கல்யாணம் கட்டியவர்கள், கோயிலில் முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள், அத்தனை பேரும் என் குளத்தின் முன்னால் உன் பெயருக்குப் பக்கத்தில் நின்றார்கள். எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் நீ. தெருவில் உன்னை "ஆர்டிஸ்ட் ஐயா" என்று கூப்பிட்டார்கள், நீயும் திரும்பிப் பார்த்தாய். நான் வயிறெரிந்தேன். வேறு அழகான வார்த்தை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பெயர்தான் உன்னை மாட்டிவைத்தது. கலஹா தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குத் திரும்புகிறார், எல்லாரும் கூடி நிற்கும் போட்டோவுக்குப் புதுத் திரை வேண்டும் என்று கிளாக்கர் தேடி வந்தது என்னையல்ல, மூலையில் பெயர் இருந்த உன்னைத்தான். "அதுக்கென்ன, வரைஞ்சிருவோம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாய். முதலாளி மகளின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். கமெராவைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

தொழிற்சாலையில் கொழுந்து காயப்போடும் மாடியில் உன் திரையை விரித்து வைத்திருந்தாய். பளிச்சென்ற நீல வானம். அதன் கீழே தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கை மரங்கள், கிளையெல்லாம் இரத்தச் சிவப்பில் பூ. பார்க்க வந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "நெசமாவே மரத்த வெட்டி ஒட்டுன மாதிரியில்ல இருக்கு!"

"எப்பிடிடா? ஒன் சாம்பலுக்கு இது எப்பிடி?" என்றாய்.

"கண்ணுக்கு ரொம்ப அழகா இருக்குடா" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

முதலாளியின் அலுமாரியில் நிறங்களைச் சரியாகப் பிடிக்கும் புது வகைத் தட்டுகள் இருந்தன. நீலத்தை அடக்கும் மஞ்சள் கண்ணாடி இருந்தது. அதைக் கமெராவின் கண்ணில் மாட்டினால் போதும், வானம் பிழைத்திருக்கும். இரண்டையும் தொடாமல்தான் வந்திருந்தேன். பழைய தட்டைப் போட்டு, துரையைச் சிரிக்கச் சொல்லி, மூடியைத் திறந்து மூடினேன். அவ்வளவு நிதானமாக என் கை என்றைக்கும் வேலை செய்ததில்லை.

படத்தைப் பார்த்துவிட்டுக் கிளாக்கர் ஸ்டூடியோவுக்கே வந்தார். "தொர கேக்குறாரு, எந்தத் தோட்டத்துல தீப்புடிச்சுதுன்னு." வானம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. மரமெல்லாம் கரிப் பூ. நீ படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"ரெண்டு பேரும் ஒரே கடதானடா. யார் தப்பா இருந்தா என்ன?"

அந்த மாதமே நீ வத்தேகமவுக்குப் போய்விட்டாய். சந்தைக் கடைகளுக்குப் பலகை எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். நான் அந்தப் படத்தில் ஒரு பிரதி எடுத்து என் அறைச் சுவரில் மாட்டினேன். காலையில் எழுந்ததும் உன் தோல்வியைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன். மாதக்கணக்கில் அப்படிப் பார்த்தேன். ஒரு நாள் தோல்வி கண்ணில் படவில்லை, படம்தான் பட்டது. ஒன்றுமில்லாத வானத்தின் கீழ் கறுத்த பூக்கள், அதற்கு முன்னால் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும் துரை, ஓரத்தில் தலைப்பாகையோடு யார் என்றே தெரியாத மனிதர்கள். நான் இத்தனை காலம் வரைய நினைத்து வராமல் போனது அதுதான். அன்றிலிருந்து தட்டின் கண்ணுக்காக வரைவதை நிறுத்திவிட்டு, தட்டின் கண்ணால் பார்த்து எனக்காக வரைய ஆரம்பித்தேன்.

கறுப்புப் பூ அந்தோனி என்று இன்று என்னைச் சொல்கிறார்கள். இந்தப் பூ உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பவர்களிடம் கனவில் கண்டேன் என்கிறேன். உன் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. என் குளத்தை நீ எடுத்தாய். உன் பூவை நான் எடுத்துக்கொண்டேன்.

கண்டியில் என் படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது நீ வந்தாய். மெலிந்திருந்தாய். கறுப்புப் பூக்களின் முன்னால் வெகுநேரம் நின்றாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நீ சண்டை பிடிப்பாய், எல்லார் முன்னாலும் உன்னைப் பேசவிட்டு அனுபவிக்கலாம் என்று காத்திருந்தேன். நீ குனிந்து மூலையில் இருந்த என் பெயரை மட்டும் பார்த்தாய்.

"எழுத்து நல்லா வந்திருக்குடா" என்றாய். போய்விட்டாய்.

அந்த ஒரு சொல்லுக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாளைக் காலை வத்தேகம வருகிறேன். சிலுவையை நட்ட பிறகு இரண்டு தட்டு எடுப்பேன். முதலாவது மஞ்சள் கண்ணாடி போட்டு, பிலோமினாவுக்கும் உன் தம்பிக்கும். அதில் உன் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இரண்டாவது மஞ்சள் கண்ணாடி இல்லாமல், பழைய தட்டில், எனக்கு. அதில் நீலம் வெள்ளையாகிவிடும். பெயரில்லாத வெள்ளைச் சிலுவை ஒன்று புல்லுக்கு நடுவே நிற்கும். அதைக் கரிப் பூக்களுக்குப் பக்கத்தில் மாட்டுவேன். யார் பேரு இருந்தா என்ன, சொல்லு?

அதையும் ஒரு நாள் வரைவேன், என்னை எனக்குத் தெரியும். வரைந்து முடித்ததும் மூலையில் என் பெயரை நானே எழுதுவேன். தூரிகையை நீ சொன்ன இடத்தில் அழுத்தி, நீ சொன்ன இடத்தில் தூக்கி, 'ந'வின் வாலை நீ காட்டிய அளவுக்கு இறக்கி. வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாதே, பாவி.