இந்த ஜீப் விற்பனைக்கு இல்லை

பருத்திப்பட்டு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், ஜீப்பும் நலம். மூன்றாவதைப் படித்ததும் உனக்குச் சுருக்கென்று கோபம் வரும், வரட்டும். நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், கடைசியில் அழுதும் விடுகிறாய், நீ அழுதால் எனக்கு வாய் அடைத்துப் போகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு திட்டு.

முதலில் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுச் சண்முகசுந்தரம் சார் உனக்கு அனுப்பினாரே, ஜீப் நம் கேட்டை விட்டு வெளியே வந்து அவருடைய செம்பருத்தித் தொட்டிகள்மேல் ஏறுகிறதே, அதுதான். அதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது, கண் மங்கிவிட்டது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். ஓயவும் இல்லை, மங்கவும் இல்லை. போன மழைக்காலத்திலிருந்து என் வலது தோள் இறுகிக்கொண்டு தலை வாருவதே பெரும்பாடாக இருந்தது உனக்குத் தெரியும். நம் ஜீப்பின் ஸ்டியரிங்கோ ஆட்டுக்கல்லை நகர்த்துகிற மாதிரி. ஓட்டுவதை நிறுத்தம்மா என்று நீ சொன்னாய். நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை, ஸ்டியரிங்கை மாற்றினேன். புதுப்பேட்டையில் ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங் பெட்டி கிடைத்தது, அதை உட்காரவைக்கிற தகட்டைக் குமணன்சாவடிப் பட்டறையில் வெட்டி வெல்டிங் வைத்து வாங்கிவந்தேன், மீதி எல்லாம் நம் வீட்டு ஷெட்டிலேயே நானும் அப்பாவுமாகச் செய்தது. பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு இடது கால் ஒத்துழைப்பதில்லை என்றாலும் வாய் நன்றாகவே ஒத்துழைக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்த ஸ்பேனர் என்று அவர் சொல்வார், நான் திருகுவேன்.

அந்தப் பெட்டிக்கு அடியில் கை மாதிரி ஓர் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தைத் தள்ளுவதும் இழுப்பதும் அதுதான். பழைய பெட்டியில் அது பின்பக்கம் பார்த்திருந்தது, பழக்கதோஷத்தில் புதியதையும் அப்படியே மாட்டிவிட்டேன். இதற்கு முன்பக்கம் பார்க்க வேண்டுமாம். தப்பாக மாட்டினால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் மறுபக்கம் போகும். சோதிக்காமல் ஒன்றும் ரோட்டுக்குக் கொண்டுபோகவில்லை மதி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து எனக்குச் சக்கரம் தெரியாது, அதனால் அப்பா பானெட்டுக்கு எதிரே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சோத்தாங்கைப் பக்கம் திருப்புகிறேன் என்று கத்தினேன். அவரும் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, சோத்தாங்கைப் பக்கந்தான் போவுது சுலோ, சும்மா வெண்ணெய் மாரி போவுது என்றார். அவர் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சோத்தாங்கை என்றால் எனக்குப் பீச்சாங்கை என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. சந்தோஷமாக ஜாக்கியை இறக்கினோம். கேட்டைத் தாண்டி ஏரி ரோட்டுக்காக வலப்பக்கம் ஒடித்தேன், வண்டி இடப்பக்கம் போனது, பதறி இன்னும் வலப்பக்கம் ஒடித்தேன், அது இன்னும் இடப்பக்கம் போனது. அப்புறந்தான் பிரேக். தொட்டி மூன்று போச்சு, ஆளுக்கோ சுவருக்கோ ஒரு கீறல் இல்லை. சாருக்குப் புதுத் தொட்டியும் செடியும் அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன், அந்த இரும்புக் கையையும் முன்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டேன். அப்படியும் அவர் தெரு சங்கத்தில் போய், வயசான காலத்தில் இவர்கள் வீட்டையே பட்டறையாக்கி வைத்திருக்கிறார்கள், இதை நிறுத்த வேண்டும் என்று பேசினாராம். என் ஷெட் என் காம்பவுண்டுக்குள் இருக்கிறது, ஒரு சொட்டு ஆயில் தெருவில் விழுந்தால் வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுகூடப் போகட்டும், அவர் வெளியாள். நீ எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை வாங்க ஆளை அனுப்பலாமா? காட்டுப்பாக்கத்திலிருந்து திருமுருகன் என்று ஒரு தம்பி நேற்றுக் காலையில் வந்து நின்றார், உங்கள் பொண்ணு எல்லாம் பேசிட்டாங்க, எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க என்றார். எனக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போகவே கொஞ்ச நேரம் ஆனது. நல்ல பிள்ளைதான், இந்த மாதிரிப் பழைய ஜீப்புகளை வாங்கிச் சரிசெய்து வைக்கிறவராம். சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அடியில் படுத்து எல்லாம் பார்த்துவிட்டு எழுந்து, நேரே அப்பாவிடம் போய் ஐயா சாவி என்று கை நீட்டினார். மிலிட்டரி ஏலத்தில் அந்த வண்டியை எடுத்தவர் அவர், ஆசை ஆசையாக ஓட்டியவர், இப்போது நீ வேறு சொல்லிவிட்டாய், தலையாட்டி விடுவாரோ என்று பயந்தேன். கிரீஸ் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"என்னை இன்னாத்துக்குக் கேக்குறே நைனா? வண்டி அவங்களுது. அவங்களாண்ட கேளு" என்றார் உன் அப்பா.

இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு வாங்கித் தந்த எதுவும் இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. நான் அந்தத் தம்பியிடம் விற்பதற்கில்லை என்றேன், இவ்வளவு தூரம் வந்ததற்கு ஏறுங்கள் என்று பக்கத்தில் உட்காரவைத்து ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு காட்டினேன். காபி குடித்துவிட்டு, ஸ்டியரிங் பெட்டியின் அந்த இரும்புக் கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இப்போது நீ எழுதிய மெசேஜுக்கு வருகிறேன். அப்பாவின் ஆசைக்காக அம்மா இன்னும் எவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டிருப்பாள் என்று மாப்பிள்ளைக்கு எழுதியதைக் கை தவறி எனக்கும் அனுப்பிவிட்டாய். வலித்தது மதி. அவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு வண்டி சும்மா நிற்கிறதே என்று அவர் மனம் நோகாமல் இருக்கத்தான் ஓட்டக் கற்றேன், அது உண்மை. ஆனால் அது ஆரம்பத்தில். அப்புறம் அவர் தூங்கும்போதும் நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அதை யாருக்காகச் செய்தேன் என்று நினைக்கிறாய்? அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் முன்னால் நின்றது வீட்டுக்காக, உன் படிப்புக்காக, அதில் எனக்குக் குறையே இல்லை. இது எனக்காக. என்னைப் பைத்தியம் என்று சொல், பிடிவாதக்காரி என்று சொல், பாவம் என்று மட்டும் சொல்லாதே.

உன் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். முட்டு வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி நான் அடியில் தலை நுழைப்பதில்லை. முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் போட்டாயிற்று. சோதிக்கும்போது அப்பா நாற்காலி நான் பார்க்கிற திசையைப் பார்த்தே போடப்படும். தோள் பயிற்சியும் தினம் செய்கிறேன். அடுத்தது டிஸ்க் பிரேக், அதை இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு சொல்லவில்லை என்று சண்டைக்கு வராதே.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்த்தி. மறந்துவிடாதே, டிசம்பரில் வந்து இறங்கும்போது வாடகைக் கார் சொல்லக் கூடாது, நான்தான் ஜீப்பில் வருவேன். மீறி காரில் வந்து இறங்கினால் கேட்டைத் திறக்க மாட்டேன், அதே காரில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குத் திரும்பிப் போய் நில், நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, வண்டிக்குச் சொந்தக்காரி,
ஜெ. சுலோசனா