தாப்பாவிலிருந்து மேலே

18-11-67, சனி
விடியலிலிருந்து மழை. கேமரன் மலைப் பயணத்தாளை மூன்றாம் முறை திருத்தினேன். டிசம்பர் 2 காலை ஐந்துக்குப் புறப்பாடு. இரவு கோலாலம்பூரில், மரகதத்தின் தங்கை வீடு. மறுநாள் மலையடிவாரத்தில் தாப்பாவில் காபி, பிறகு மலை.
எடுத்துச்செல்ல: புளியோதரை, அவித்த முட்டை, தெர்மாஸ், விரிப்பு, எலுமிச்சம்பழம் (வளைவுகளில் குமட்டும்).
நடப்பதற்கு ஆற்றோரப் பாதை மட்டும். ஏற்றம் குறைவு. போதுமா? மாற்றலாமா?
மரகதம் பார்க்க வேண்டியதை இந்த வருஷமே பார்த்துவிடட்டும் என்கிறார் கண் டாக்டர். மலைக்குக் கூட்டிப்போவதாக நான் சொன்னது கல்யாணமான புதிதில். யுத்தம். பிறகு காட்டில் கம்யூனிஸ்டுகள். பிறகு நான்.

20-11, திங்கள்
சிராங்கூன் ரோட்டில் ம.வுக்குக் கேன்வாஸ் ஷூ. கடைக்காரர்: "பாட்டி மலை ஏறப் போறாங்களா? குளிரும் லா, சாக்ஸும் வாங்கிக்கங்க."
ம.: "பாட்டி உங்க வீட்டுல இருப்பாங்க. ரெண்டு ஜோடி எடுங்க."
வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள். பஸ் நம்பர் மட்டும் என்னைப் படிக்கச் சொன்னாள்.

22-11, புதன்
மாலை மாப்பிள்ளை சேகர். கார் அவருடையது, ஓட்டுவதும் அவர்.
"மாமா, ஜோகூர் எல்லையில இப்ப பாஸ்போர்ட் கேக்குறாங்க. நானும் வசந்தாவும் எடுத்தாச்சு. அத்தைக்கு பிங்க் கார்டு, சீக்கிரம் கிடைச்சிடும். உங்களுது?"
என்னுடையது நீலம். குடியுரிமை இல்லை.
ஐம்பத்தேழில் குடியுரிமைப் பதிவு நடந்தபோது தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் பாரம் எழுதினேன். ம.வுக்கும். என் பாரத்தில் வந்திறங்கிய தேதி எனக்கே நிச்சயமில்லை. சத்தியம் செய்து தப்பாக எழுதலாமா என்று நிரப்பாமல் எடுத்து வைத்தேன். பத்து வருஷம்.
பாஸ்போர்ட் செய்தி பேப்பரில் படித்ததுதான். கார்டு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரித்தால் இல்லை என்பார்களே.

24-11, வெள்ளி
குடிநுழைவு அலுவலகம். இரண்டு மணி நேரம் வரிசை. கவுண்டரில் தமிழ்ப் பெண்.
"இந்தியா பாஸ்போர்ட் இருக்கா அங்கிள்?"
இல்லை.
"அப்ப எப்படி வந்தீங்க?"
கப்பலில், அப்பாவோடு. அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை.
"எழுதிப் போட்டு விசாரிக்கணும். மாசக்கணக்குல ஆகும் லா."
நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனைவியின் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

30-11, வியாழன்
நான் வர முடியாது என்று ம.விடம் சொல்லி ஆறு நாள். இன்று சோறு போடும்போது:
"நீங்க இல்லாம போகமாட்டேன்னு நான் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. சொல்லமாட்டேன். நான் போறேன்."
காத்திருந்தது உண்மை.

3-12, ஞாயிறு
நல்ல வெயில். நேற்று ஐந்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே போனார்கள். தாளைச் சேகரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ம. கார்க் கண்ணாடியை இறக்கி, "வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள்.
மணி மூன்று. இப்போது ஆற்றோரப் பாதை.
அவளுக்கு இடப்பக்கம் பள்ளம் இருந்தால் தெரியாது. சமதரை என்று நினைத்துக் கால் வைப்பாள். வெளியே போனால் அந்தப் பக்கம் நான் நடப்பேன். அதனால் வசந்தாவுக்குக்கூடத் தெரியாது. தாளில் எழுதவில்லை. சேகரிடம் வாய்விட்டாவது சொன்னேனா? இல்லை.