கூடிப்போன ஏழு கிலோ

3 மார்ச், செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். துணி காயப்போட்டேன், நானே. கிளிப் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

பார்க்கின்சன்ஸுக்காக எனக்கு மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். நோய் எங்கும் போய்விடவில்லை. ஆனால் மாத்திரை பாதி, நடுக்கம் அநேகமாக இல்லை.

பச்சை ரவிக்கை ஏறவில்லை. போன வருடம் தொளதொளவென்று இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தது. தையலைப் பிரித்தேன். அப்படியும் பற்றவில்லை. சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமும்.

வாங்க வேண்டியது: வெண்டைக்காய், தயிர், ஊக்கு.

5 மார்ச், வியாழன்

மருத்துவமனை. ஏழு கிலோ கூடியிருக்கிறேன். நர்ஸ் மீனா சொன்னது: முன்பு கைகால் சும்மா இராமல் ஆடிக்கொண்டே இருந்ததில் சாப்பிட்டதெல்லாம் கரைந்தது. ஆட்டம் நின்றதும் உடம்பில் தங்குகிறது. நிறையப் பேருக்கு இப்படித்தானாம்.

"கொஞ்சம் கூடினா ஓகே லா ஆன்ட்டி. ஏழு ஜாஸ்தி. சுகர் வேற பார்டர்ல இருக்கு. வீட்ல என்ன சாப்பிடுறீங்க?"

ஓட்ஸ், இடியாப்பம், மீன் என்றேன். நான் வாய் திறக்கும் முன் எனக்காகப் பதில் சொல்லிவிடுகிற என் கணவர், இன்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7 மார்ச், சனி

மழை. களைப்பே இல்லை. முன்பு பல் தேய்த்ததும் மறுபடி படுத்துவிடுவேன். இன்று சமையலறை அலமாரியை ஒழித்தேன்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் எடை கூட்டும் பால்மாவு. நான் எலும்பும் தோலுமாக இருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஆப்பரேஷனோடு நிறுத்தியாயிற்று என்று நினைத்திருந்தேன். இது புது டின், பாதி காலி. தினமும் என் ஓட்ஸில் இவர் கலக்கிறாராம். தேங்காய்ப்பால் சொதியிலும். அதுதான் சொதி அவ்வளவு கெட்டி.

நல்ல கோபம். கேட்டே விட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நிறுத்தினா நீ திரும்ப அப்படி ஆயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த நாட்களில் என்னைக் குளிப்பாட்டியவர் இவர்தான். நான் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தேன். இவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பாவம். இனிமேல் போடமாட்டேன் என்று டின்னை மூடினார்.

8 மார்ச், ஞாயிறு

ஃபேரர் பார்க்கில் ரயிலை விட்டு இறங்கி சிராங்கூன் ரோடு முழுக்க நடந்தோம். எங்கும் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது இவருக்குத்தான்.

பூக்கடை அம்மா "நல்லா உடம்பு போட்டுட்டீங்கக்கா" என்றார். வேறு காலமாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். இன்று சந்தோஷத்தில் இன்னொரு முழம் வாங்கினேன்.

மருந்துக்கடை வாசலில் எடை மெஷின். ஏறிப் பார்த்தேன், மீனா சொன்ன அதே எடை. நீங்களும் ஏறுங்கள் என்றேன். எதுக்கு எதுக்கு என்றார். ஏறினார்.

என்னைவிட இரண்டே கிலோ அதிகம். அத்தனை உயரமான மனிதர்! பெல்ட்டில் கத்தியால் போட்ட புது ஓட்டை, அதையும் இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு ஊட்டி முடித்து ஆறிப்போனதைச் சாப்பிட்டாரா, சாப்பிடாமலே எழுந்தாரா? ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கடை. எனக்கு ஒரு தோசை. இவருக்கு நெய் ரோஸ்ட், வடை, நானே சொன்னேன். பழக்க தோஷம், முதல் விள்ளலை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க. இன்னைக்கு நான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

சாப்பிட்டார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இன்னொரு வடை கேட்டார்.